உப்பின் கணக்கு: திருப்பூர் சாயக்கழிவும் அரை நூற்றாண்டுச் சட்டங்களும்

சாயமேற்றிய தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு நொய்யல் கரையில் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. ஆற்றிலிருந்து தள்ளி ஆலையை வை என்றது அரசாணை. சுத்திகரித்து விடு என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கெடுத்தவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்றது தொழில்துறையின் ஒரு பகுதி. அத்தாட்சி இருந்தால்தான் ஆர்டர் என்கிறார்கள் ஐரோப்பிய வாங்குபவர்கள். 2023 முதல் நாடாளுமன்றம், சிறைத் தண்டனைக்குப் பதிலாகப் பண அபராதம் போதும் என்ற திசையில் நகர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு விடையும் முந்தைய விடையின் ஓட்டையை அடைக்க வந்தது. அவற்றின் பிறப்பையும் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. இந்த வரலாற்றை முழுதாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: சட்டங்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் பின்தொடர்ந்தன, அதில் கரைந்திருந்த உப்பு ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்துக்கு நகர்ந்துகொண்டது.

சிக்கலின் வேதியியல்

பருத்திப் பின்னலாடைக்கு இன்று பரவலாகப் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். அது தண்ணீரில் எளிதாகக் கரையும். துணியில் தானாகச் சென்று ஒட்டாது. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலிழைக்குத் தள்ள உப்பு வேண்டும். சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும் கறுப்பு, நீலம், அடர்சிவப்புக்கு அதிகமாகவும் தேவைப்படும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு தங்கிவிடும். உப்பின் வேலை துணியைத் தொடுவதோடு முடிந்துவிடுகிறது. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரில் வந்து சேர்கிறது.

ஒரு கிலோ துணியை எடுத்துக்கொள்வோம். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் அதற்கு 8 லிட்டர் சாயநீர், அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் 480 கிராம் உப்பு செலவாகும். அதாவது ஒரு டன் துணிக்கு ஏறக்குறைய அரை டன் உப்பு. சலவை, அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் செலவானால், கலந்து வரும் கழிவுநீரில் லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் உப்பு நிற்கும். நிலப்பரப்பு நீர்நிலைகளில் விட அனுமதிக்கப்படும் மொத்தக் கரைந்த திடப்பொருளின் அளவு, ஊரில் எல்லோரும் சொல்லும் டிடிஎஸ், 2,100 மில்லிகிராம். பழைய வின்ச் தொட்டிகள் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடித்தன. சாயநீரின் அளவு கூடும்போது உப்பும் கூடியது.

நிறத்தை நீக்கலாம். கரிமப் பொருளைப் பாக்டீரியா தின்றுவிடும். உப்பைத் தின்னும் பாக்டீரியா கிடையாது. திருப்பூரின் சட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு வேதியியல் உண்மையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முதல் விடை: தூரம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியில் சேரும் நொய்யல் ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறில்லை. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அதில் இயற்கையான நீர்வரத்து மிகக் குறைவு. கலக்கும் கழிவை நீர்த்துப்போகச் செய்யும் வலு அதற்கு இல்லை. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சலவை, சாயப்பட்டறைகள், ஏற்றுமதி பெருகிய வேகத்தில் 1990களின் இறுதிக்குள் எண்ணூறைத் தாண்டின.

1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் ஏற்கெனவே இருந்தன. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1989 மார்ச்சில் வந்த அரசாணை 213, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழில்களைப் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது. 1998இல் அரசாணை 127 காவிரியும் அதன் துணையாறுகளும் உள்ளிட்ட ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது.

இந்த விடையின் பலம் எளிமை. வரைபடமும் அளவுநாடாவும் போதும். பலவீனங்கள் இரண்டு. முதலாவது, ஏற்கெனவே கரையோரம் இயங்கிய நூற்றுக்கணக்கான பட்டறைகளை அது தொடவில்லை. இரண்டாவது, ஆற்றிலிருந்து விலகியிருக்கும் ஆலையின் கழிவும் ஓடை வழியாக ஆற்றுக்கே வரும். அல்லது பாறை வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு இறங்கும். கொங்குப் பகுதியின் கடினப்பாறை நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை.

இரண்டாம் விடை: சுத்திகரித்து விடுதல்

1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முன்வைக்கப்பட்டன. சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனியே நிலையம் கட்ட முடியாது, பலர் சேர்ந்து ஒன்றைக் கட்டலாம் என்பது அதன் நியாயம். கரூர்ப் பகுதி நொய்யல் பாசன விவசாயிகள் 1996இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. 2000களின் தொடக்கத்தில் சுமார் 700 பட்டறைகளில் ஒரு பகுதி எட்டுப் பொது நிலையங்களிலும் மீதி தனி நிலையங்களிலும் இணைந்திருந்தன.

கோடிகள் செலவாகின, ஆறு மாறவில்லை. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கொட்டிக் கழிவைத் தெளியவைக்கும் முறை நிறத்தையும் மிதக்கும் பொருளையும் குறைத்தது. டிடிஎஸ் குறையவில்லை, சேர்த்த வேதிப்பொருளால் சில இடங்களில் கூடவும் செய்தது. அதோடு மலைமலையாகச் சேறு குவிந்தது. கட்டியவர்கள் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகக் கருதினார்கள். கீழ்ப்பகுதி விவசாயிகள் ஏமாற்றப்பட்டதாகக் கருதினார்கள். இரு தரப்புக்கும் அவரவர் அளவில் நியாயம் இருந்தது. எந்த அளவீட்டை எட்ட வேண்டும் என்று எழுதிய விதியும், அதை எட்ட இயலாத தொழில்நுட்பத்துக்கு அனுமதி கொடுத்த நடைமுறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இந்தப் பொருத்தமின்மையின் சாட்சி ஒரத்துப்பாளையம் அணை. கீழ்நொய்யல் பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட இந்த அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். அணையைச் சுற்றிய ஊர்களில் கிணற்று நீர் உவர்த்தது; மண்ணில் உப்புப் பூத்தது. பாசனத் திட்டம் ஒன்றைப் பயனாளிகளே வேண்டாமென்று சொன்னதற்கு இது தமிழ்நாட்டில் அரிய உதாரணம்.

மூன்றாம் விடை: கெடுத்தவர் ஈடுகட்டுதல்

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றி அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் சூழலிழப்பு ஆணையம் அமைந்தது. தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காகப் பிறந்த ஆணையம் நொய்யலின் இழப்பையும் கணக்கிட்டது. 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் ஈடு என்று அது முடிவு செய்தது.

சராசரி பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 8,700 ரூபாய். கணக்கில் எடுக்கப்பட்டது சில ஆண்டுகளின் விளைச்சல் இழப்பு. கெட்ட கிணறு, விலை விழுந்த நிலம், விற்றுத் தீர்த்த மாடு, ஊரைவிட்டுப் போன குடும்பம் ஆகியவற்றை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. ஈட்டுத்தொகை கிடைத்தாலும் மண்ணிலுள்ள உப்பு போவதில்லை என்பது இந்த விடையின் அடிப்படைப் பலவீனம்.

இன்னொன்று காலவரம்பு. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு, மறுசீரமைப்புக் கோரிக்கைகளை, காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கொண்டுவர வேண்டும். விபத்துக்கு இந்தக் காலம் போதும். ஆண்டுக்கு ஆண்டு ஊறி ஏறும் உவர்ப்புக்கு எந்த நாளைத் தொடக்கம் என்று வைப்பது?

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை ஒரு படி நீட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. நீதிமன்றத்துக்கும் ஆலைக்கும் நடுவே விவசாயி பல பத்தாண்டுகள் காத்திருக்கும் நிலையை இது மாற்றக்கூடும். வழக்கு தோல் தொழிலைப் பற்றியதாயினும், அதன் தர்க்கம் நொய்யலுக்குப் பொருந்தாது என்று வாதிடுவது கடினம்.

நான்காம் விடை: ஜீரோ டிஸ்சார்ஜ்

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜூலை இறுதிக்குள் கழிவே வெளியேறாத நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம். 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் தீர்ந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அனைத்துச் சலவை, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிட்டது. ஏறக்குறைய 750 பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன.

கவனிக்க வேண்டியது: மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தரும் 33ஏ பிரிவு 1988 திருத்தத்திலேயே நீர்ச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதிகாரம் இருந்தும் போதிய பிரயோகம் இல்லாததால்தான் நீதிமன்றம் மொத்தமாகக் கதவடைக்க நேர்ந்தது. ஒழுங்காக நடத்தியவரும் நடத்தாதவரும் சேர்ந்து அடிபட்டார்கள். நிட்டிங் முதல் செக்கிங் வரை ஜாப் ஒர்க்கை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். துணி சாயமேற வெளியூர் போனது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உள்ளிட்டவை சோதனை ஓட்டத்துக்குப் பிறகு படிப்படியாகத் திறந்தன. இன்று 18 பொது நிலையங்களும் பல தனி நிலையங்களும் ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் இயங்குகின்றன. நாளொன்றுக்கு சுமார் 13 கோடி லிட்டர் நீர் மறுசுழற்சியாவதாகத் தொழில்துறை சொல்கிறது.

நிலையத்துக்குள் நடப்பது இதுதான். பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் கழிவு சமன்படுத்தும் தொட்டியில் கலக்கிறது. உயிரியல் தொட்டியில் கரிமப் பொருள் சிதைகிறது. நிறம் நீக்கப்பட்டு, வடிகட்டப்பட்டுப் பல கட்ட ஆர்ஓவுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி நல்ல நீராகப் பிரிந்து பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கெட்டி உப்புநீரில் ஒரு பகுதியைச் சுத்தப்படுத்தி அப்படியே சாயத் தொட்டிக்குக் கொடுக்கிறார்கள். மீதி ஆவியாக்கிக்குப் போகிறது. படிகமாக்கியில் சோடியம் சல்பேட் உப்பாக விழுகிறது. அதுவும் மறுபடி சாயத்துக்கு. சாதாரண உப்பை விட்டுக் கிளாபர் உப்புக்குப் பல பட்டறைகள் மாறியதற்கு இந்த மீட்பு வசதி முக்கியக் காரணம். கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு: சல்பேட்டும் குளோரைடும் கடினத்தன்மையும் மிச்ச நிறமும் சேர்ந்த பழுப்புக் கட்டி. அது எதற்கும் உதவாது. மூட்டை கட்டிக் கூரைக்கொட்டகையில் அடுக்கப்படுகிறது.

ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய பெரும் உப்புச்சுமை இந்த முறையால் தடுக்கப்படுகிறது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் மூன்று விமர்சனங்கள் நிற்கின்றன.

ஒன்று, எரிபொருள். உப்புநீரை ஆவியாக்க நீராவியும் மின்சாரமும் வேண்டும். கொதிகலன்களில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. நீர்மாசின் ஒரு பங்கு காற்றுமாசாக உருமாறுகிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தில் இத்தொழிலதிபர்கள் செய்திருக்கும் பெரிய முதலீட்டை எதிர்வாதமாகச் சொல்கிறார்கள். அது மின்சாரக் கணக்கை ஈடுகட்டலாம், கொதிகலன் புகையை அல்ல.

இரண்டு, திடக்கழிவு. ஆவியாக்கி மிச்சமும் சுத்திகரிப்புச் சேறும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. சேறு சிமென்ட் சூளைகளுக்குப் போகிறது. அங்கே அதன் எரியும் பகுதி எரிந்துவிடும், மீதி சிமென்ட்டில் கலந்துவிடும். கலப்பு உப்பை அப்படித் தீர்க்க முடியாது. குளோரைடு சூளைக்குக் கேடு. பாதுகாப்பான நிலநிரப்பும் தீர்வாகாது. மழைநீர் பட்டால் உப்பு கரைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்.

மூன்று, வேலிக்கு வெளியே நடப்பது. ஜீரோ டிஸ்சார்ஜ் செலவை ஏற்காத பட்டறை, ஏற்கும் பட்டறையைவிடக் கிலோவுக்குக் குறைந்த கூலி கேட்க முடியும். ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை வாரியம் இடிப்பதும் அவை வேறிடத்தில் முளைப்பதும் வழக்கமான செய்தி. திருப்பூருக்குள்ளேயே பட்டன், ஜிப்புக்குச் சாயமேற்றும் சிறு பட்டறைகளும் பிரிண்டிங் பட்டறைகளும் கண்காணிப்பு வளையத்துக்கு வெளியே நழுவுகின்றன. பெரிய குழாயை அடைத்த விதி, சிறு கசிவுகளைத் தேடும் ஆள்பலத்தைக் கூடவே வளர்க்கவில்லை.

ஐந்தாம் விடை: கடலுக்குக் குழாய்

கடல் ஏற்கெனவே உப்பு. உப்புநீரைச் சுத்திகரித்து அங்கே சேர்த்தால் என்ன கெடும் என்ற வாதம் 2011க்கு முன்பே திருப்பூரில் ஒலித்தது. பெருஞ்செலவு, குழாய் கடக்க வேண்டிய தூரம், வழியிலுள்ள ஊர்களின் அச்சம், கடலோர மீனவர்களின் எதிர்ப்பு எனப் பல தடைகள் அதற்கு உண்டு. குஜராத்தின் ஜேத்பூர் சாயத் தொழிலுக்கெனத் திட்டமிடப்பட்ட கடல்குழாய்க்குப் போர்பந்தர் மீனவர்கள் காட்டிய எதிர்ப்பு, இந்த விடையின் அரசியல் விலையைக் காட்டுகிறது. வேதியியலாக உப்பின் பிரச்சினையை நேராகத் தொடும் யோசனை இது. உப்போடு சேர்ந்து வரும் உலோகங்களும் சிதையாத சாயத் துணைப்பொருள்களும் முழுதாக நீக்கப்படும் என்ற உறுதி இருந்தால்தான் அதை ஏற்க இயலும். அந்த உறுதியைத் தரும் கண்காணிப்பு வரலாறு நம்மிடம் இல்லை.

நாடு முழுவதற்கும் ஒரே விதியா?

2015 அக்டோபரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு, நாளொன்றுக்கு 25 ஆயிரம் லிட்டருக்கு மேல் கழிவு வெளியேற்றும் ஜவுளி ஆலைகள் எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வர வேண்டும் என்றது. 2016 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்தக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. சூழல் நெருக்கடி மிக்க இடங்களில் மாநில வாரியங்கள் விரும்பினால் விதிக்கலாம் என்ற விருப்புரிமை மட்டும் மிஞ்சியது.

விளைவாக ஒரே நாட்டில் இரண்டு செலவுக் கணக்குகள். பின்னலாடையில் திருப்பூரின் போட்டி நகரமான லூதியானாவில் சாய ஆலைகளின் பொது நிலையங்கள் சுத்திகரித்த நீரைப் புட்டா நாலா என்ற ஓடையில் விடுகின்றன. அதைச் சுற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் தெருவிலும் தகராறு தொடர்கிறது. தங்களுக்கு மட்டும் கூடுதல் சுமை என்ற திருப்பூர் சாய ஆலையினரின் முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பரிகாரம் திருப்பூரின் விதியைத் தளர்த்துவதா, மற்றவர்களின் விதியை இறுக்குவதா என்பது வேறு கேள்வி. நீர்வரத்து குறைந்த நொய்யலையும் வற்றாத ஆற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்ற வாதமும் புறந்தள்ளத்தக்கதல்ல.

சிறையா, அபராதமா?

2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்றுச் சட்டத்திலும் பல சிறைத் தண்டனைகளை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத் திருத்தம் அதே தடத்தில் சென்றது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், சட்டமன்றத் தீர்மானம் வழியே ஏற்கும் மாநிலங்களுக்கே அது பொருந்தும். குற்றவியல் வழக்குக்குப் பதிலாக, தீர்ப்பளிக்கும் அதிகாரி ஒருவரே விசாரித்து அபராதம் விதிப்பார்.

ஆதரிப்போர் சொல்வது: சாயக்கழிவுக்காகச் சிறைக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கைவிட உடனே விழும் அபராதம் மேல். எதிர்ப்போர் சொல்வது: உச்சவரம்புள்ள அபராதம் தொழிற்செலவில் ஒரு வரியாகிவிடும். இதை நொய்யல் கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வெளியேற்றும் ஆலைக்கு 2006 தீர்ப்பின் 10 காசு வீதப்படி நாளுக்கு 50,000 ரூபாய். முப்பதே நாளில் 15 லட்சம். புதிய சட்டத்தின் உச்ச அபராதம், 2006ஆம் ஆண்டின் காசு மதிப்பில், ஒரு மாதக் கழிவுக்குச் சமம்.

இதற்கு எதிர்த்திசையில் வந்தது 2025 ஆகஸ்ட் 4 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே ஈட்டுத்தொகையும் மறுசீரமைப்புச் செலவும் விதிக்கலாம் என்று அது சொன்னது. தண்டனை வேறு, ஈடு வேறு என்ற பிரிவினை இதன் மையம். உச்சவரம்பு தண்டனைக்குத்தான், ஈட்டுக்கு இல்லை. இந்த அதிகாரத்தை எந்த அளவீட்டில், எந்த விதிமுறைப்படி பயன்படுத்துவது என்பதில்தான் அடுத்த பத்தாண்டின் வழக்குகள் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். 33ஏ பிரிவு 1988 முதல் 2011 வரை பெரும்பாலும் தூங்கிய கதையை நினைத்தால், அதிகாரம் கிடைப்பதும் அது பயன்படுவதும் ஒன்றாகிவிடாது.

வாங்குபவரின் விதி

1990களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோதே, வெளிநாட்டுச் சந்தை உள்நாட்டுச் சாயத்தொட்டியை மாற்றும் என்பது தெரிந்துவிட்டது. 1997இல் இந்தியாவும் அவற்றைத் தடை செய்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் அகலமாக வலை வீசுகிறது. 2024 ஜூலையில் பெருநிறுவனங்களின் விநியோகச் சங்கிலிப் பொறுப்பு பற்றிய நெறிமுறையும் நிலைத்த பொருள் வடிவமைப்பு விதியும் சட்ட வலுப் பெற்றன. 2025 அக்டோபரில் சட்ட வலுப் பெற்ற கழிவு நெறிமுறைத் திருத்தம், பழந்துணியைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவை உற்பத்தியாளர் மேல் வைக்கிறது.

ஜீரோ டிஸ்சார்ஜைத் திருப்பூர் இன்று சுமையாகச் சொல்வதைக் குறைத்துப் பெருமையாகச் சொல்வதற்கு இதுவே காரணம். கட்டிங் வேஸ்ட்டைத் தரம் பிரித்து, அரைத்து, ஓபன் எண்ட் நூலாக்கும் கொங்குப் பகுதியின் பழைய தொழிலுக்கும் இதில் புது மதிப்பு. ஆனால் இந்த விதியின் பலவீனமும் தெளிவு. பிராண்டு கேட்பது அத்தாட்சி. சுத்திகரிப்புச் செலவைத் துணியின் விலையில் ஏற்றித் தர அது முன்வருவதில்லை. உள்நாட்டுச் சந்தைக்கான பனியனுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆர்டர்கள் தடுமாறியபோது, சந்தையை நம்பிய சூழல் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதும் வெளிப்பட்டது. லாபம் சுருங்கும்போது முதலில் நிறுத்தத் தோன்றுவது ஆவியாக்கியைத்தான்.

உப்பே இல்லாமல் சாயமேற்ற முடியுமா?

குறைந்த நீரில் ஓடும் இயந்திரம், குறைந்த உப்பில் ஒட்டும் சாயம், பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் தந்து உப்பில்லாமல் சாயமேற்றும் முறை என மூலத்திலேயே உப்பைக் குறைக்கும் வழிகள் உண்டு. முதலிரண்டும் ஏற்கெனவே பரவியிருக்கின்றன. மூன்றாவது, நிறம் சீராக ஏறாமை, கூடுதல் வேதிப்பொருள் ஆகிய சிக்கல்களோடு போராடுகிறது. செயற்கை இழையைக் கரைசலிலேயே நிறமூட்டிவிடலாம். பருத்தியில் அது ஆகாது. ஒழுங்குமுறைகள் இதுவரை ஊக்குவித்தது குழாயின் முனையில் வைக்கும் இயந்திரத்தை. சாயத்தொட்டியில் விழும் உப்புக்கு வரம்போ, குறைப்பவருக்குச் சலுகையோ எந்த விதியிலும் மையமாக இடம்பெறவில்லை.

மதிப்பீடு

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தூரக் கட்டுப்பாடும் பழைய வகைச் சுத்திகரிப்பும் உப்புக்கு எதிராகத் தோற்றன. ஜீரோ டிஸ்சார்ஜ், குறைகள் இருந்தும், அனுமதி பெற்ற ஆலைகளின் நேரடிக் கழிவை ஆற்றிலிருந்து பெருமளவு விலக்கியது. அது நீதிமன்றக் கட்டாயம், அரசுக் கடன், தொழில்துறையின் முதலீடு மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் நடந்தது. மூன்றில் ஒன்று இல்லாமல் இதே முறை வேறு ஊர்களில் வேர்பிடிக்கும் என்று நம்பச் சான்று குறைவு.

தீராமல் நிற்பவையும் உண்டு. ஏற்கெனவே நிலத்தடியில் சேர்ந்த உப்பை யார் செலவில், எந்தக் கால அளவில் நீக்குவது? கலப்பு உப்புக்கு இறுதி இடம் எது? அனுமதியில்லாத பட்டறைகளின் பங்கு எவ்வளவு? கோவை, திருப்பூர் நகரங்களின் வீட்டுக் கழிவுநீர் கலக்கும் இன்றைய நொய்யலில், சாயத்தின் பங்கை எப்படிப் பிரித்து அளப்பது? புதிய அபராதச் சட்டம் தடுக்குமா, விலைப்பட்டியலாகிவிடுமா? இவற்றுக்குக் கருத்து ஏராளமாக இருக்கிறது. பொதுவெளியில் தரவு போதவில்லை.

அந்தக் குறையைப் போக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவை உண்டாக்கும் ஒவ்வொரு நிலையமும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு நிலையத்தின் சாயப்பட்டறைகளும் சாயத்தில் போட்ட உப்பு, மீட்ட உப்பு, கொட்டகையில் சேர்ந்த உப்பு, வெளியே அனுப்பிய உப்பு ஆகிய நான்கையும் அருகருகே வைத்தால் போதும். போட்டதற்கும் மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்கும் இடையே துண்டு விழுந்தால், அது ஆற்றிலோ கிணற்றிலோதான் இருக்க முடியும். இந்தக் கணக்கைத் தமிழில், நிலையவாரியாக, ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட வேண்டும். நேர்மையாக நடத்தும் சாய ஆலையும் கீழ்நொய்யல் விவசாயியும் ஒருசேரக் கேட்கக்கூடிய கோரிக்கை இது.